ஆண்கள் பக்கத்து ஃபேன்

"ஃபேன இந்தப் பக்கம் திருப்புங்க."

சபையில் முதல் பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்த அமைதியில் ஹம்சிகா இதைச் சொன்னாள். மெதுவாகச் சொல்லவில்லை.

காலையில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து இறங்கி வரும்போதே அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "எத வேணும்னாலும் கேளு. மண்டபத்தக் கேளு, மைக்கக் கேளு. அந்த ஃபேனப் பத்தி மட்டும் வாயத் தொறந்துறாத." ஏன் என்று கேட்டால், "வச்சது வச்ச எடத்துல இருக்கட்டும்" என்பதோடு சரி. அந்தத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போய் வந்த முதல் ஆள் ஹம்சிகா. காரணம் சொல்லாத எந்தக் கட்டளைக்கும் இனிக் கட்டுப்படுவதில்லை என்ற வைராக்கியத்தையும் பட்டத்தோடு சேர்த்து வாங்கி வந்திருந்தாள்.

இன்றைக்கு அவளுக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. சபைக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும் மண்டபத்தில் லயத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்த வேண்டும். ஓ.எல். பரீட்சையில் கணக்கில் கோட்டைவிட்டுவிட்டு மாத்தளைக் கடைகளுக்குச் சாமான் கட்டப் போவது தோட்டத்தில் வழக்கமாகவே ஆகிவிட்டது. அதை நிறுத்த அவளுக்கு ஒரு கூரையும் ஒரு கரும்பலகையும் போதும்.

பலாபத்வலைச் சந்தியிலிருந்து மேலே ஏறும் மண் ரோட்டில் இருந்தது அந்தச் சபை. தகரக் கூரை. இடது பக்கம் பெண்கள், பாயில். வலது பக்கம் ஆண்கள், நாற்காலியில். இருந்தது ஒரே ஒரு ஃபேன். கழுத்து உடைந்து போனதால் அது அப்படி இப்படித் திரும்பாது. நேராக ஆண்கள் மேலேயே ஊதும். பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து ஜெபிப்பார்கள். ஆண்களோ இரண்டாவது பாட்டுக்குள் உயிரோடேயே கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிடுவார்கள்.

சபைச் செயலாளர் இந்திரகுமார் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். ஃபேனுக்கு நேர் எதிர் நாற்காலி அவருடையது.

"இந்தா புள்ள, இது எங்கப்பா ஞாபகமா குடுத்த ஃபேன்."

"பொம்பளைங்களுக்கு வேர்க்காதுன்னு உங்கப்பா சொல்லிட்டாங்களா அங்கிள்?"

பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பாவது வரும் என்று ஹம்சிகா எதிர்பார்த்தாள். வரவில்லை.

"எங்களுக்கு வேர்க்கவே இல்லியே," என்றாள் பாஸ்டரம்மா. அவள் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு பாட்டுப் புத்தகத்தில் விழுந்தது.

"குளுகுளுன்னுதான் இருக்கு," என்றாள் பின்வரிசையில் ஒருத்தி, தாள் விசிறியை அவசரமாக மடியில் மறைத்துக்கொண்டு.

ஹம்சிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்களுக்காகப் பேசினால் இவர்களே காலை வாருகிறார்கள். எத்தனை தலைமுறை பயம் இது.

"சரி சரி," என்றார் பாஸ்டர். "நடுவுல வச்சிருவோம். ரெண்டு பக்கமும் காத்து வரட்டும்."

நடுவில் வைத்த ஃபேன் இரண்டு பக்கமும் ஊதவில்லை. நேராகப் பிரசங்க மேடையை ஊதியது. பாஸ்டரின் தாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, ஜன்னல் வழியே போய்க் கொய்யா மரத்தில் தங்கின. பாஸ்டர் மனசில் இருந்ததை வைத்துப் பிரசங்கத்தைத் தொடர்ந்தார். நோவா பேழையிலிருந்து இறங்கி நேரே எகிப்துக்குப் போனார்.

"பாஸ்டர்," என்று ஒரு குரல் கேட்டது. சசிக்குமார். பிரசங்க நேரத்தில் அவர் கண் திறந்திருந்து யாரும் பார்த்ததில்லை. "நோவாவுக்கு எகிப்துல என்ன வேல?"

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வந்ததில் பாஸ்டர் ஆடிப்போனார். காற்றில்லாமல் வேர்த்துக் கொட்டிய ஆண்கள் எல்லோரும் விழித்து உட்கார்ந்து பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

பாஸ்டரம்மா எழுந்து ஃபேனைப் பழைய இடத்துக்கே தள்ளப் போனாள். ஹம்சிகா முந்திக்கொண்டு அதைப் பெண்கள் பக்கமே இழுத்து வைத்தாள். முக்காடுகள் எல்லாம் பறந்தன. பெண்கள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொள்ள, மடியில் கிடந்த பாட்டுப் புத்தகங்கள் தாமாகவே பக்கம் புரட்டின. பாஸ்டரம்மா சுவரோரமாக நகர்ந்துபோய் பிளக்கைப் பிடுங்கினாள்.

"கரண்ட் மிச்சம்."

ஹம்சிகா போய்த் திரும்பச் சொருகினாள்.

அறிவிப்பு நேரம் வந்தது. சபைத் தீர்மானங்களும் அப்போதுதான் நிறைவேறும். சம்மதமா என்று கேட்டால் ஆளுக்கொரு பேச்சு வந்து பகல் சோறு ஆறிவிடும் என்பதால், மறுப்பு உள்ளவர்கள் கை தூக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். யாரும் தூக்காவிட்டால் தீர்மானம் பாஸ். பாஸ்டரம்மாதான் வாசிப்பாள், தாலாட்டுகிற மாதிரி ஒரு குரலில். இன்றைக்கு அவள் ஆண்கள் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். எல்லோரும் கொட்டக் கொட்ட விழித்திருந்தார்கள்.

"மண்டபத்து விசயத்த அடுத்த வாரம் பாத்துக்குவமே மக," என்றாள்.

"இன்னிக்கே வாசிங்கம்மா."

"சொன்னாக் கேளு."

"வாசிங்க."

பாஸ்டரம்மா வாசித்தாள். வாசித்து முடிப்பதற்குள் ஆண்கள் பக்கம் கைகள் எழுந்தன. இந்திரகுமார் இரண்டு கையையும் தூக்கினார்.

"மண்டபம் வாலிபர் கேரம் வெளையாடுற எடம்."

"இதுல வாலிபர் யாரு அங்கிள்? உங்க எல்லாருக்கும் பேரப்புள்ளைங்க இருக்கு. அதுங்களுக்குத்தான் கிளாஸ்."

"படிச்சிட்டா வாய் நீளுது பாரு."

"வாய் முந்தியே நீளந்தான். என்ன கேக்கணும்னுதான் இப்பத் தெரிஞ்சிருக்கு."

இந்திரகுமார் முன்னால் வந்தார். "ஒன்னய கேம்பஸ் அனுப்புனதே இந்தச் சபைதான், மறந்துறாத. ஒதவி பண்ணணும்னு தீர்மானம் வந்த அன்னைக்கு எங்கள்ல ஒருத்தராவது கை தூக்குனமா?"

அது உண்மைதான். அன்றைக்கு ஒரு கைகூட எழவில்லை. அந்த நன்றிக் கடனை ஹம்சிகா நெஞ்சில் முள்ளாகச் சுமந்துகொண்டுதான் இத்தனை நாளும் இந்த மனிதருக்குத் தோத்திரம் சொல்லி வந்தாள்.

அவள் பெண்கள் பக்கம் திரும்பினாள். "ஒருத்தியாவது பேசுங்களேன்."

முக்காட்டைப் பிடித்த கைகள் அப்படியே இருந்தன. அம்மா பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி. நாளையிலருந்து கிளாஸ் எங்க லயத்து வாசல்ல. மழ பெஞ்சா கொழுந்து நிறுக்குற மடுவத்துல. புள்ளைங்கள அனுப்புறவங்க அனுப்புங்க. இனி இந்த மண்டபத்தக் கேட்டு நான் வர மாட்டேன்."

வேதாகமத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள். வாசலில் காத்தாயி உட்கார்ந்திருந்தாள். ஞானஸ்நானத்தில் அவளுக்கு எலிசபெத் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் கூப்பிட்டால் இன்றைக்கும் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

"அந்த ஃபேன நீ தொடாம இருந்திருக்கலாம்டி," என்றாள்.

"கேக்க வேண்டியத நேராக் கேட்டேன் அத்தே. இல்லன்னுட்டாங்க. நான் போறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கி நடந்தாள். ரோட்டை எட்டும்போது பின்னாலேயே இறங்கி வந்த காத்தாயியின் குரல், உள்ளே கேட்காத அளவுக்கு, வந்தது:

"அவங்க கொறட்ட விடட்டும்னுதான்டி அந்த ஃபேன நாங்களே அங்கிட்டு வச்சோம், ஒன்னய கேம்பஸ் அனுப்புன தீர்மானங்கூட அப்பிடித்தான் பாஸாச்சு."