பாண் வண்டி போட்ட பாட்டு

அம்பிட்டியவுக்குக் குடிபோவதில்லை என்று மோகனராஜ் முடிவெடுத்துவிட்டார். மனைவியிடம் மட்டும்தான் இன்னும் சொல்லவில்லை. அதற்குத் தைரியம் வேண்டும். அவரிடம் இருந்தது திட்டம்தான்.

கண்டி மஹியாவையில் குடியிருந்த வீட்டை வீட்டுக்காரர் விற்றுவிட்டார். கட்டுக்கலையில் ஒரு வீடு மோகனராஜின் கண்ணில் பட்டிருந்தது. வீடு சுமார்தான். ஆனால் வாசலைத் தாண்டினால் கேரம் கிளப். மனைவி துஷ்யந்தியோ அம்பிட்டிய வீட்டைத்தான் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கே ஒரு முன்னறை இருந்தது. கல்யாணத்தோடு கட்டிலடிக்குப் போய்விட்ட வீணையை வெளியே எடுத்து, பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்த வேண்டும். அதைப் பேசும்போது அவள் முகமே மாறிவிடும். மோகனராஜுக்கும் மனசு உறுத்தத்தான் செய்தது. ஆனால் வகுப்பு வந்தால் மாலையில் பிள்ளைகள் உட்காரக் கதிரை அடுக்குவது யார்?

அம்பிட்டிய வீட்டுக்காரி ஞானேஸ்வரி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியிலேயே ஓய்வுபெற்ற டீச்சர். சத்தம் அவருக்கு ஆகாது. வகுப்பைப் பற்றி நேரில் வந்து கதைக்கச் சொல்லியிருந்தார்.

அங்கேதான் மோகனராஜின் மூளை வேலை செய்தது. பாட்டுப் போட்டுக்கொண்டு த்ரீவீலில் பாண் ரொட்டி விற்கும் ஹபீல் நானாவைப் பிடித்தார்.

"நானா, ஞாயித்துக்கிழமை பின்னேரம் டீச்சர் வீட்டு வாசல்ல வண்டிய நிப்பாட்டுங்க. பாட்ட மட்டும் நிப்பாட்டாதீங்க."

"நம்ம பாட்டு தானே? நீங்க பயப்பட வாணாம்" என்றார் நானா.

அந்த இரைச்சலைக் கேட்டால் துஷ்யந்தியே வேண்டாம் என்று ஓடிவருவாள். மோகனராஜ் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார்.

ஞாயிறன்று பெருந்தன்மையோடு அறிவித்தார். "ஊரு பூரா வீடு பாத்துட்டு முடிவெடுப்போம். எனக்கு ஒரு பக்கச் சாய்வு கிடையாது."

கெட்டம்பேயில் ஒவ்வொரு பஸ்ஸும் ஒரு பைலாப் பாட்டைக் கொட்டிவிட்டுப் போனது. துஷ்யந்தி தலையாட்டி ரசித்தாள். அஸ்கிரியவில் விகாரையிலிருந்து பெரஹரா ஊர்வலத்துக்கு மேளம் பழகும் சத்தம் வந்தது. நின்று தாளம் போட்டாள். கட்டுக்கலையில் கோயில் நாதஸ்வரம்.

"பாத்தியா? இங்க சங்கீதம் வாசலுக்கே வருது. நீ எதுக்கு வீணையத் தூக்கணும்?"

"சங்கீதம் வருதுங்க. பிள்ளைங்க வரணுமே."

அம்பிட்டியவில் தேவாலயப் பாடகர் குழு எங்கோ பாடிக்கொண்டிருந்தது. மற்றபடி ஊசி விழுந்தால் கேட்கும். டீச்சர் தேநீரோடு தீர்ப்பையும் கொண்டுவந்தார்.

"பிள்ளை, குறை நினைக்காதேங்கோ. எனக்கு அமைதி வேணும். வகுப்பு எண்டால் சரிவராது."

துஷ்யந்தியின் முகம் வாடியது. மோகனராஜ் வாயெல்லாம் பல்லாகத் தேநீரை உறிஞ்சினார். நானாவே தேவைப்படவில்லை!

அந்த நேரம் பார்த்து வந்தது வண்டி. வாசலில் நின்றது. பாட்டு நிற்கவில்லை. முடிந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கியது. சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. டீச்சர் காதைப் பொத்திக்கொண்டார்.

"என்னங்க, தாங்க முடியுமா இத?" என்று துஷ்யந்தி கணவர் பக்கம் திரும்பினாள்.

இதுதான் தருணம் என்று மோகனராஜ் எழுந்து நின்று கத்தினார். "மனுஷன் இருப்பானா இந்த வீட்டுல? இதுக்கு நீ நாள் பூரா வீணை வாசிச்சாக்கூடத் தேவல!"

"அத டீச்சருக்குக் கேக்குற மாதிரி சொல்லுங்க."

சொன்னார். தொண்டை கிழியச் சொன்னார்.

"வகுப்பு நடக்குற வீடுன்னா வண்டிக்காரங்க பாட்ட நிப்பாட்டிட்டுத்தான் போவாங்க டீச்சர்" என்றாள் துஷ்யந்தி மெதுவாக. "பிள்ளைங்க படிக்குதுன்னு கேட்டா யாரும் மறுக்க மாட்டாங்க."

டீச்சர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "ஓம், ஓம், அவர் சொல்லுறதும் சரிதான். இந்தக் கோதாரிச் சத்தத்துக்கு வீணை எவ்வளவோ மேல். நாளைக்கே வாங்கோ பிள்ளை!"

சாவி கைமாறியது. துஷ்யந்தியின் கண் கலங்கிவிட்டது. மோகனராஜின் கண்ணும்தான், வேறு காரணத்துக்காக.

கோபம் தலைக்கேற வாசலுக்குப் பாய்ந்தார். ஹபீல் நானா அவரைக் கடந்து துஷ்யந்தியைப் பார்த்துச் சிரித்தார்.

"தங்கச்சி, இவர் திட்டத்த நான் வந்து சொன்னப்ப நீங்க சொன்ன மாதிரியே, மதிலுக்கு அந்தப்பக்கம் காத்திருந்து டீச்சர் மாட்டேன்னு சொன்னது கேட்ட பொறவுதான் போட்டேன். போதுமா, இன்னொருக்காப் போடவா?"