பங்கேற்பாளர் எண் ஒன்பது

“உங்க ஒன்பதாம் நம்பர் பையனை நாளைக்குக் காலையில பத்து மணிக்கு இங்கே கூட்டிட்டு வந்துடுங்க சார்” என்றார் பயிலரங்கை நடத்திய அம்மையார்.

விரிவுரையாளர் விழித்தார். அப்படி ஒரு பையன் இந்த உலகத்திலேயே கிடையாது.

கம்ப்யூட்டர் பாடத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று ஆராய்கிறவர்களுக்கு, அந்த ஆராய்ச்சியை எப்படிச் செய்வது என்று கற்றுத்தரும் மூன்று நாள் பயிலரங்கு அது. சேருவதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. புரோகிராமிங் வகுப்பைப் பாதியில் விட்டுப்போன பத்துப் பேரைப் பேட்டி எடுத்து எழுதிக்கொண்டு வரவேண்டும். பதினேழு வருடமாக முதலாண்டுக்குப் புரோகிராமிங் நடத்துகிறவருக்கு, விட்டுப்போனவர்களுக்கா பஞ்சம்? போனை எடுத்தார். முதல் பையன் குரலைக் கேட்டதுமே துண்டித்துவிட்டான். இரண்டாவது எண்ணில் ஒரு தாயார், “அவன்தான் படிப்பையே விட்டுட்டானே சார், இன்னும் எதுல ஃபெயிலாக்கப் போறீங்க?” என்று கேட்டார். மூன்றாவது எண்ணை அவர் அழுத்தவே இல்லை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பத்துப் பேட்டிகளையும் தாமே எழுதி முடித்தார்.

படித்துப் பார்த்த மனைவி, “என்னங்க, பத்து பசங்களும் ‘ஆகவே’ன்னு பேசறாங்களே” என்றார்.

திருத்த உட்கார்ந்தார். ஒரே ஒரு பேட்டியைப் பேச்சுத் தமிழுக்கு மாற்றியதிலேயே களைத்துப்போனார். அது ஒன்பதாவது பேட்டி. அம்மையாருக்குப் பிடித்துப்போனதும் அதுதான்.

“மத்தவங்க எல்லாம் கட்டுரை வாசிக்கறாங்க சார். இவன் ஒருத்தன்தான் பேசறான். நேர்ல கேட்கணும்.”

“அவன் வெளிநாடு போயிட்டான் மேடம்.”

“நல்லதாப் போச்சு. வீடியோவுல பேசிடலாம்.”

“இல்லை, திரும்பி வந்துட்டான்னு கேள்வி. வந்ததுல இருந்து உடம்பு சரியில்லையாம்.”

“ஐயோ பாவம். அப்போ நாமளே போய்ப் பார்த்துட்டு வந்துடுவோமே.”

பயிலரங்குக்கு வந்திருந்த பன்னிரண்டு பேரும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்கள். “வேண்டாம், அவனே வந்துடுவான்” என்று சொல்வதைத் தவிர விரிவுரையாளருக்கு வேறு வழியில்லாமல் போயிற்று.

துறை அலுவலகத்துக்குத் திரும்பியபோது, பிரிண்டர் ரிப்பேர்காரர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கை முழுக்கக் கரியோடு எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். முப்பது வயதிருக்கும். நாலு வருடமாக வந்து போகிறவர். ‘பேப்பர் சிக்குது’ என்பதைத் தாண்டி விரிவுரையாளர் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“தம்பி, நாளைக்கு ஒரு மணி நேரம் நீங்க எனக்கு மாணவனா இருக்கணும்.”

“என்ன மாதிரி மாணவன் சார்?”

“புரோகிராமிங் வராம பாதியில விட்டவன். பழைய பேட்ச்சுன்னு சொல்லிக்கலாம்.”

ரிப்பேர்காரர் துடைப்பதை நிறுத்தவில்லை. “ஏன் விட்டேன்?”

“வீட்டுல சூழ்நிலை. அதோட கணக்கும் வரலை. ஆசிரியரைப் பத்தி மட்டும் எதுவும் சொல்லிடாதீங்க.”

“ஆசிரியர் நல்லவரா சார்?”

“நல்லவர்தான்.”

“சரி சார்” என்றார்.

மறுநாள் ரிப்பேர்காரர் சலவைச் சட்டையும் படிய வாரிய தலையுமாக வந்து, பதிவு மேஜையில் ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். அம்மையார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “ஏன் விட்டீங்க?”

“வீட்டுல சூழ்நிலை மேடம்.”

கேள்வி கேட்டபின் வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் பத்து வரை எண்ண வேண்டும் என்பது அந்தப் பயிலரங்கின் முதல் பாடம். அம்மையார் எண்ணினார். பன்னிரண்டு பேரும் எண்ணினார்கள். விரிவுரையாளரும் எண்ணினார். எட்டில் ரிப்பேர்காரர் வாயைத் திறந்தார்.

“இல்லை மேடம். அது காரணம் இல்லை.”

“கணக்குதானே வரலை உங்களுக்கு?” என்று குறுக்கே விழுந்தார் விரிவுரையாளர்.

“சார், பதிலையும் நீங்களே கேள்விக்குள்ள வெச்சுக் கொடுக்கறீங்க” என்றார் அம்மையார். செய்யக்கூடாத தவறுக்கு நல்ல உதாரணம் என்று மற்றவர்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

அடுத்ததாக, விரிவுரையாளர் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் டம்ளருக்கு அடியில் ஒரு சீட்டை வைத்துத் தள்ளினார். அதைப் பக்கத்தில் இருந்த பெண்மணி எடுத்துப் படித்து, ரிப்பேர்காரர் எழுதியதென்று நினைத்து அவரிடமே கேட்டார். “‘ஆசிரியர் வேண்டாம்’னு எழுதி வெச்சிருக்கீங்களே, அவ்வளவு வெறுப்பா அவர்மேல?”

பிள்ளையார் பிடிக்கக் குரங்காயிற்று. விரிவுரையாளர் தலையைக் குனிந்துகொண்டார்.

“வெறுப்பெல்லாம் இல்லை மேடம்” என்றார் ரிப்பேர்காரர். “ஒருநாள் லேப்ல என் புரோகிராம் ஓடலை. ரெண்டு மணி நேரமா ஒவ்வொரு வரியாப் பார்த்துட்டு வந்தேன். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நானே பிடிச்சிருப்பேன். சார் பின்னாடி வந்து நின்னார். என் தோளுக்கு மேல கையை நீட்டி ஒரு பட்டனை அழுத்தினார். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். ஓடிடுச்சு. அவர் அடுத்த சீட்டுக்குப் போயிட்டார். திட்டலை. திட்டியிருந்தா என் முகத்தையாவது பார்த்திருப்பார். அடுத்த வாரத்துல இருந்து நான் போகலை.”

யாரும் எழுதவில்லை.

விரிவுரையாளருக்குச் சுருக்கென்றது. அது அவருடைய பழக்கம். ஒரு மணி நேரத்தில் நாற்பது பேரின் பிழையையும் திருத்திவிடுவேன் என்று பெருமையடித்துக்கொண்டவர் அவர். லேப் மூலையில் பிரிண்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டே இந்த ஆள் நாலு வருடமாக எல்லாவற்றையும் கவனித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். பாதியில் நின்றுபோனவர்களில் ஒருவன் முகத்தையாவது ஞாபகப்படுத்திப் பார்க்க முயன்றார். பிடரிகள்தான் வரிசையாக வந்தன. அவற்றுக்கு அப்பால் திரைகள். முகம் ஒன்றுகூட வரவில்லை.

இடைவேளையில் அம்மையாரிடம் போய் நின்றார். ரிப்பேர்காரர் அதற்குள் வேறு ஏதோ ஆபீஸில் பிரிண்டர் நின்றுவிட்டது என்று கிளம்பிப் போயிருந்தார்.

“மன்னிச்சிடுங்க மேடம். நான் கொண்டுவந்ததுல ஒரு பேட்டிகூட நிஜம் இல்லை. எல்லாம் நானே எழுதினது. அந்தத் தம்பியும் மாணவன் இல்லை, எங்க பிரிண்டரை ரிப்பேர் பண்றவர். நான் கெஞ்சிக் கேட்டதால நடிச்சார். அவர் நல்லா நடிச்சார். அதைக் கேட்டப்புறம் என்னால சும்மா உட்கார்ந்திருக்க முடியலை.”

அம்மையார் வழக்கம்போல் பத்து வரை எண்ணியிருக்க வேண்டும். பிறகு, “சொன்னீங்களே, அதுவரைக்கும் சரி” என்றார். “பத்து பேட்டியையும் தூக்கிடறேன். இன்னைக்கு அவர் பேசினதையும் தூக்கித்தான் ஆகணும்.” பதிவு மேஜையில் இருந்த பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். “காலையில வந்தவர் எழுதிக்கொடுத்த படிவத்தைக் கிழிச்சுடும்மா. அவர் மாணவர் இல்லையாம்.”

அந்தப் பெண் படிவத்தைத் தேடி எடுத்தாள். கிழிக்கப்போன கை அப்படியே நின்றது.

“ஆனா மேடம், ‘பாடம் நடத்தியவர்’னு இருக்கற இடத்துல இந்த சார் பேரைத்தானே எழுதியிருக்கார், பதினோரு வருஷத்துக்கு முன்னாடி இவர் வகுப்புல தனக்கு இருந்த ரோல் நம்பரோட?”