கூறைப் புடவையில் வந்த படகு

ஒழுகுகிற எதைப் பார்த்தாலும் அடைத்துவிடத் துடிக்கும் கை என்னுடையது. எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் ஒரு பம்ப்செட் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தபோது பிடித்த வியாதி. எட்டே மாதத்தில் முழு மெக்கானிக் ஆகிவிட்டேன் (இது என் கருத்து. முதலாளியின் கருத்து வேறு).

அந்தச் சமயத்தில்தான் தங்கை வள்ளிக்குப் பழவேற்காட்டு ஏரியின் அக்கரையில் மாப்பிள்ளை அமைந்தது. பத்தரைக்குள் தாலி கட்டியாக வேண்டும், அதற்கு மேல் ராகு காலம். மாப்பிள்ளை வீட்டாரைப் படகில் அழைத்து வருவது அண்ணனான என் பொறுப்பு. எங்களுடையது பழைய பாய்மரப் படகு. அதன் நடுவில் நைனா ஒரு கிழட்டு டீசல் இஞ்சினைப் பொருத்தியிருந்தார். ஏரித் தண்ணீரை உறிஞ்சித் தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும் இஞ்சின். உறிஞ்சியதில் பாதியைப் படகுக்குள்ளேயே ஒழுகவிடும்.

கல்யாணத்துக்கு முதல் நாள் முழுக்கப் பழுது பார்த்தேன். வெடித்த ரப்பர் குழாயை மாற்றினேன். பம்பின் அச்சைச் சுற்றி கிரீஸ் தடவிய கயிறு திணித்தேன். ஒழுகல் நின்றது. உடனே பாயைக் கழற்றினேன்.

"பாய இன்னாத்துக்குடா அவுக்கற?" என்றார் நைனா.

"இஞ்சின்தான் ரெடியாச்சே நைனா. பாயி பந்தலுக்கு ஆவும்."

படகு தள்ளும் கோல்களும் பந்தலுக்கே போயின.

விடியற்காலையில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் அக்கரை போய்ச் சேர்ந்தேன். மாப்பிள்ளை வீட்டார் கிளம்பும்வரை சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, படகின் வெளிப்பக்கம் கட்டைவிரல் அளவு ஓட்டை ஒன்றிலிருந்து தண்ணீர் கொட்டுவதைப் பார்த்துவிட்டேன். இவ்வளவு பெரிய ஒழுகலை நைனா கவனிக்கவே இல்லையே என்று வருத்தமாக இருந்தது. இஞ்சினை நிறுத்தி, பூவரசங் கட்டை ஒன்றைச் செதுக்கித் துணி சுற்றி, சுத்தியலால் அடித்து இறுக்கினேன்.

பாதி ஏரி தாண்டியிருப்போம். மாப்பிள்ளையின் அக்கா மடியில் கூறைப் புடவைத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, காலாண்ட சுடுது."

"இஞ்சின்னா அப்டித்தான்க்கா."

மாப்பிள்ளை படகிலேயே வளர்ந்தவர். எட்டி வெளியே பார்த்தார். "மச்சான், சைடுல தண்ணி ஊத்திக்கினு இருக்கணுமே, காணோம்?"

"அத நான் அடைச்சிட்டேன்."

பாராட்டுவார் என்று நினைத்தேன்.

"இஞ்சின் சூடு வெளிய போற வழி மச்சான் அது," என்றார்.

அவர் முடிப்பதற்குள் நான் மாட்டிய ரப்பர் குழாய் பிடுங்கிக்கொண்டது. வெந்நீர் படகுக்குள் பாய்ந்தது. இஞ்சின் இரண்டு முறை இருமி இறுகிவிட்டது. கட்டையைப் பிடுங்கியும் பயனில்லை. இறங்கித் தள்ளலாம் என்றால் தொடைவரை சேறு. பெண்கள் சீர்த்தட்டுகளால் தண்ணீர் இறைக்க ஆரம்பித்தார்கள்.

"பாயி எங்க?" என்றார் மாப்பிள்ளை.

"பந்தலுக்கு மேல."

"கோலு?"

"பந்தலுக்குக் காலு."

சற்று யோசித்தார். "அப்போ பந்தல் பலமா இருக்கும்."

"இருக்கும்," என்றேன்.

அவர் பார்வை அக்காவின் மடிக்குப் போனது. அக்கா தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "முகூர்த்தப் பொடவடா, நனையக் கூடாது."

"மேல கட்டினா நனையாதுக்கா."

காற்று எங்கள் ஊர்ப் பக்கம் வீசியது. அதுவும் இல்லாவிட்டால் நான் அங்கேயே ஏரியில் குதித்திருப்பேன்.

எங்கள் ஊரில் பாயைப் பார்த்தே யார் படகு என்று சொல்லிவிடுவார்கள். அன்று கரையில் நின்ற ஒருவருக்கும் தெரியவில்லை. அரக்குச் சிவப்பில், ஜரிகை மின்ன, ஏதோ ஒன்று மெதுவாக வந்துகொண்டிருந்தது. கடைக்குப் போய் அதைத் தானே பார்த்து எடுத்தவள் வள்ளி.

"என் பொடவ வருது," என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

ராகு காலத்துக்குச் சில நிமிடம் முன்பு தாலி ஏறியது. புடவையின் நான்கு மூலையிலும் கயிறு முடிந்த சுருக்கம் கடைசிவரை போகவில்லை.

வள்ளி இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். சொந்தத்தில் கல்யாணம் என்றால் முந்தின நாளே என் மனைவிக்குப் போன் செய்து ஒரே கேள்விதான் கேட்பாள்: "அண்ணன் எதுனா ரிப்பேர் பண்ணுச்சா?"

இல்லை என்று இவள் சத்தியம் செய்த பிறகுதான் அவள் வீட்டில் பெட்டி கட்டுவார்கள்.