முதுகில் ஒரு மரஸ்கேல்

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடுவதில்லை என்று ஸ்டோர்கீப்பர் சனிக்கிழமையே முடிவு கட்டிவிட்டார்.

சும்மா சொல்லக் கூடாது, காரணம் வலுவானதுதான். அவர் வேலை பார்க்கும் டைல்ஸ் கிடங்கில் ஆள் மாற்றி ஆள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு லீவு போட்டுக்கொண்டே இருந்தார்கள். வெறுத்துப்போன மேனேஜர், பாரம் தூக்கும் முறையைக் கற்றுவரச் சொல்லி இவரை ஒரு பயிற்சிக்கு அனுப்பினார். திங்கட்கிழமை லோடுமேன்கள் எல்லோர் முன்னாலும் இவர் தூக்கிக் காட்ட வேண்டும். நன்றாகச் செய்தால் பாதுகாப்பு மேற்பார்வையாளர் பதவி. சொதப்பினால் அது பில் போடும் கண்ணாடிக்காரருக்குப் போய்விடும். இத்தனை வருஷமாகச் சாவிக்கொத்தைத் தவிர எதையும் சுமக்காத மனிதருக்கு அந்தப் பதவி மேல் அப்படியொரு ஆசை.

பயிற்சியில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் தூக்கிப் பழகச் சொன்னார்கள். அந்த நேரத்தில் இவர் கடைசி வரிசையில் தூங்கி வழிந்துகொண்டிருந்தார். போகட்டும், விதிகள் அத்தனையும் மனப்பாடம். திங்கட்கிழமை வாயாலேயே சமாளித்துவிடலாம். அதுவரை முதுகுக்கு ஓய்வு.

சோபாவில் காலை நீட்டியதும் மனைவி வந்தாள். வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். கழுத்தில் டேப், கையில் துணி அளக்கும் மரஸ்கேல்.

"என்னங்க, தையல் ரூம்ல இருக்கிற இரும்புப் பெட்டியை ஜன்னல்கிட்ட மாத்தணும். அங்கேதான் வெளிச்சமா இருக்கு."

"பாரம் தூக்கறதுக்குன்னு ஒரு முறை இருக்கு. முதல்ல எடையைக் குறைக்கணும். உள்ள இருக்கிறதை வெளிய எடுத்துட்டுக் கூப்பிடு."

அந்தப் பெட்டியில் ஊர்ப்பட்ட துணி. இன்றைக்கு முடியாது என்று நிம்மதியாகக் கண்ணை மூடினார். திறந்தபோது துணிக்கட்டுகள் சோபாவில் அவர் மேலேயே வந்து விழுந்துகொண்டிருந்தன.

"பாதியை எடுத்துட்டேன். எந்திரிங்க."

"போற வழியில தடை இருக்கக் கூடாது."

"நாற்காலியெல்லாம் நகர்த்தியாச்சு."

"தரை ஈரமா இருந்தா வழுக்கும்."

"துடைச்சுக் காய விட்டாச்சு."

"ஒத்தை ஆளா இவ்வளவு பெரிய பெட்டியைத் தூக்கவே கூடாதுடி. அது விதி!"

"அண்ணா, வாங்க!" என்றாள் அவள், வாசல் பக்கம் திரும்பி.

மாடிவீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டபடி உள்ளே வந்தார். ஏதோ கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி முகமெல்லாம் சிரிப்பு.

ஸ்டோர்கீப்பருக்கு வேறு வழி தெரியவில்லை. கடைசியாக ஒன்றைச் சொல்லிப் பார்த்தார். "ரெண்டு பேர் தூக்கும்போது ஒருத்தர்தான் குரல் குடுக்கணும். அவர் சொல்லாம யாரும் தூக்கக் கூடாது."

"நான் குடுக்கிறேன்," என்றாள் மனைவி.

"இந்த வீட்ல வேற யாரும்மா குடுக்கறாங்க?" என்றார் மாடிவீட்டுக்காரர்.

குரல் வந்தது. இடுப்பை வளைத்துப் பெட்டியைப் பிடித்த ஸ்டோர்கீப்பரின் முதுகில் மரஸ்கேல் வந்து படுத்தது.

"ஸ்கேலுக்கும் முதுகுக்கும் நடுவுல ஒரு தலையணையே வைக்கலாம் போல இருக்கு. வைங்க கீழே!"

"ஏய், விளையாடாதே!"

"முதுகு நேரா இருக்கணும்னு தூக்கத்துலகூடச் சொன்னீங்களே? காலை அகட்டுங்க. முழங்காலை மடக்குங்க. ம், இப்போ தூக்குங்க."

பெட்டி ஒருவழியாக ஜன்னலுக்குப் போய்ச் சேர்ந்தது. மாடிவீட்டுக்காரர் விடைபெற்றார். இவருக்குத்தான் விடுதலை இல்லை. சோபாவிலிருந்த துணிக்கட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய்ப் பெட்டியில் வைக்க வேண்டியிருந்தது. பின்னாலேயே ஸ்கேல் வந்தது. "துணிக்கட்டை நெஞ்சோட அணைச்சுப் பிடிங்க... இடுப்பைத் திருப்பாதீங்க, காலை எடுத்து வெச்சுத் திரும்புங்க... வைங்க கீழே, மறுபடியும்!" கல் நெஞ்சக்காரி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே சாயங்காலம் வரை சுமந்தார்.

மறுநாள் கிடங்கில் டைல்ஸ் பெட்டி முன்னால் போய் நின்றதும் மனப்பாடம் அத்தனையும் பறந்துபோயிற்று. கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு வசதியாகப் பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்த அந்த நேரத்தில் முதுகில் ஸ்கேல் பட்ட மாதிரி இருந்தது. கால்கள் தாமாக அகன்றன. முழங்கால் மடங்கியது. பெட்டி நெஞ்சோடு சேர்ந்து, அவரோடு எழுந்து, அவரோடு திரும்பி, பலகை மேல் சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

அடிக்கடி இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் லோடுமேன் ஒருவர் முன்னால் வந்து அதே மாதிரி தூக்கிப் பார்த்தார். "அட, சுருக்குன்னு பிடிக்கலையே சார்!" என்றார். அதைக் கேட்டு மற்றவர்களும் வரிசையில் நின்றார்கள். மேனேஜர் அங்கேயே கை குலுக்கிப் பதவியைக் கொடுத்தார்.

இனிப்புப் பெட்டியை முறைப்படி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "எல்லாம் உள்ளேயே இருந்த திறமைடி. வெளிய வர ஒரு சந்தர்ப்பம் தேவைப்பட்டுச்சு, அவ்வளவுதான்."

"ரொம்ப சந்தோஷமா இருக்குங்க," என்றாள். நிஜமாகவே அவள் கண் கலங்கியிருந்தது. உடனே முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "சரி, அந்தப் பெட்டியைப் பழைய இடத்துலயே வெச்சிடலாம்."

"ஏன்? வெளிச்சம் வேணும்னியே!"

"மூடி வைக்கிற பெட்டிக்கு வெளிச்சம் எதுக்குங்க?"

ஸ்டோர்கீப்பருக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு மெல்லப் புரிந்தது.

"பயிற்சிக்குப் போயிட்டு வந்த அன்னைக்கு அங்கே போட்ட சாப்பாட்டைப் பத்தியே பேசிட்டிருந்தீங்க. தூக்கினதைப் பத்தி மூச்சு விடல. நீங்க தூக்கிப் பழகவே இல்லைன்னு அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றாள் அவள். "மாடிவீட்டு அண்ணன்கிட்ட சொல்லியாச்சு, வந்துட்டிருக்கார்."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நேற்று ஏமாந்தது ஏமாந்ததாகவே இருக்கட்டும், இன்றைக்கு ஒரு குறை சொல்ல முடியாது என்று பாதுகாப்பு மேற்பார்வையாளர் விறுவிறுவென்று பெட்டியிடம் போனார். காலை அகட்டினார். முழங்காலை மடக்கினார். மாடிவீட்டுக்காரர் மறுபக்கம் பிடித்ததும், ஸ்கேல் வைத்தாற்போல நேரான முதுகோடு கம்பீரமாகத் தூக்கினார்.

"நான் இன்னும் குரலே குடுக்கல. வைங்க கீழே!"