எனக்கு ஒண்ணும் பண்ணலையே!

இந்த ரகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களும் சும்மா விட்டிருக்க மாட்டார்கள், உங்களுக்கு வைத்தியம் சொல்லியிருப்பார்கள். உலகத்தில் உடம்பு என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு, அது தம்முடையது, மற்றதெல்லாம் அதன் நகல் என்று உறுதியாக நம்புகிறவர்கள் இவர்கள்.

சட்டைத் தொழிற்சாலையில் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கும் பிரிவை மேற்பார்வையிடுகிற அக்கா இந்த ரகத்தில் முதல் தரம். மதியம் மணி அடித்ததும் கையைக் கழுவி, டிபன் பெட்டியைத் திறந்து, சுற்றி உட்கார்ந்த இருபது பெண்களையும் ஒரு நோட்டம் விட்டு, யார் முகம் வாடியிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார். அப்புறம் அவர் சாப்பிட்ட மாதிரிதான்.

காலர் தைக்கிற பெண்ணுக்குப் பத்து மாதக் கைக்குழந்தை. அடுத்தது இப்போதைக்கு வேண்டாம். என்ன செய்வது என்று அக்காவிடம் போய்க் கேட்டுத் தொலைத்தாள்.

"மாத்திரை எப்படிக்கா?"

"என் ஓரகத்தி போட்டா. ஊதிட்டா."

"அவங்க கல்யாணத்துக்கு முன்னாடியே அப்படித்தானேக்கா?"

"இன்னும் ஊதிட்டா."

"ஊசி?"

"எதிர்வீட்டுப் பொண்ணு போட்டுக்கிட்டா. எப்பப் பாரு அழுதுட்டே இருக்கா."

எதிர்வீட்டுப் பெண்ணின் புருஷன் குடித்துவிட்டு வந்து பாத்திரம் உடைக்கிற விஷயம் அக்காவின் ஆராய்ச்சியில் சேராது.

"பேசாம காப்பர் டி போட்டுக்கோ. ஏழு வருஷமா எனக்குக் கவலையே இல்ல. கொசு கடிச்ச மாதிரிகூடத் தெரியல. சுகாதார நிலையத்துல நர்ஸம்மா நோண்டி நோண்டிக் கேப்பாங்க. எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிடு, இல்லன்னா இழுத்தடிப்பாங்க."

பெண்ணும் அப்படியே சொன்னாள். மாதவிலக்கு அதிகமாகப் போகுமா என்று நர்ஸம்மா கேட்டதற்கு, இல்லை என்றாள். வயதுக்கு வந்த நாளிலிருந்தே அவளுக்கு அதுதான் பாடு.

போட்ட பிறகு மாதம் பத்து நாள் கொட்டியது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஆனால் வாய் திறக்கவில்லை. அக்காவுக்கு ஒன்றும் பண்ணாதது தனக்கு மட்டும் பண்ணுகிறதென்றால் கோளாறு தன் உடம்பில்தான் என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள். இந்த இடத்தில் மட்டும் சிரிக்க முடியவில்லை.

நாலாவது மாதம் ஒரு காலையில், பாதி தைத்த காலரோடு மிஷின் மேலேயே சாய்ந்தாள். முதலில் ஓடிவந்தவர் அக்காதான், அதையும் சொல்ல வேண்டும். தூக்கி, தண்ணீர் தெளித்து, வண்டி பிடித்து, வழியெல்லாம் டிரைவரைத் திட்டி, சுகாதார நிலையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

"உடம்புல ரத்தம் பாதிதான் இருக்கு. ஏம்மா வந்து சொல்லல?" என்றார் நர்ஸம்மா.

"அக்காவுக்கு ஒண்ணும் ஆகலையே… எனக்குத்தான் ஏதோ…"

"ஆமா, எனக்கு ஏழு வருஷமா…" என்று அக்கா வழக்கம்போல ஆரம்பித்தார். நர்ஸம்மா திரும்பி அவரைப் பார்த்தார். அவ்வளவுதான்.

அக்காவின் குரல் இறங்கியது.

"நாலே மாசம்தான்டி எனக்கு அது இருந்துச்சு. எனக்கும் ரத்தம் நிக்கவே இல்ல. இவங்ககிட்டதான் வந்து எடுத்துக்கிட்டேன்."

"அப்ப ஏழு வருஷமா?"

"உங்க மாமாதான்…" அக்கா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "ஆணுறை. அதை இருபது பேர் முன்னாடி எப்படிடி சொல்றது?"

ஜுரமாகக் கிடந்தாலும் கேலி செய்கிற வயது அந்தப் பெண்ணுக்கு. ஆனால் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. தன் உடம்பில் குறையில்லை என்ற அழுகை.

"காப்பர் டி மேல பழி போடாதீங்க. எத்தனையோ பேருக்கு நல்லா ஒத்துப்போகுது. உனக்கு ஒத்துக்கல, எடுத்துடலாம். இப்பவாவது கேக்கறதுக்கு உள்ளதைச் சொல்லு" என்று நர்ஸம்மா கேள்வி அட்டையைப் புரட்டி முதல் கேள்வியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். பதில் சொல்ல வாயெடுத்த அக்காவை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

உங்களுக்கு அக்காவை நினைத்துச் சிரிப்பாக இருக்கும். சிரியுங்கள். உங்கள் தங்கையோ, நாத்தனாரோ, பக்கத்து மேஜைப் பெண்ணோ கடைசியாக உங்களிடம் யோசனை கேட்டபோது நீங்கள் பொய் சொல்லவில்லை, ஒப்புக்கொள்கிறேன். சொல்ல வெட்கமாக இருந்த மீதியைச் சொன்னீர்களா?