தாத்தா கலந்துகொண்ட கிராம சபை

கூட்டேரிப்பட்டு பக்கம்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள கலைப்பிரியாவுக்கு, உன் தாய்மாமனும் ஊராட்சித் தலைவருமான அப்பாதுரை எழுதுவது. இங்கே நான், உன் அத்தை பாஞ்சாலி, மாடு, கொல்லையில் மல்லாட்டைச் செடி எல்லோரும் சுகம். விழுப்புரத்தில் நீயும் சுகமாக இருக்க மயிலம் முருகனை வேண்டுகிறேன். உன் பத்திரிகை ஆபீசுக்குச் சுகம் கொஞ்சம் குறைந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆகஸ்ட் பதினைந்து கிராம சபையில் நூற்றுப் பன்னிரண்டு பேர் கூடி, ஏரிக்கரையில் தண்ணீர் கம்பெனி போர்வெல் போட ஒருமனதாகச் சம்மதித்ததாக நம் கிளார்க் தாண்டவராயன் நோட்டில் எழுதினார். உண்மையில் வந்தது நான், அவர், மைக்செட்காரர். எப்போதும் அப்படித்தான், யாரும் கேட்டதில்லை. நீ அந்த நோட்டை வாங்கிப் பார்த்து, நாலாவது கையெழுத்துக்காரர் பச்சைமுத்து செத்து ஒன்பது வருஷம் ஆகிறது என்று உன் பேப்பரில் போட்டோவோடு போட்டுவிட்டாய். உன் தாத்தா, என் அப்பா. இருந்தவரைக்கும் கைநாட்டு, போனபிறகு கையெழுத்து எங்கே கற்றார் என்று ஊரே கேட்குது. உங்க அத்தை வேற, "கூட்டத்துக்கு வந்த மாமா வூட்டுக்கு வந்து ஒரு வாய் கூழு குடிக்காம போய்ட்டாரே" என்று அன்னிலேர்ந்து சொல்லிக்கினு இருக்கா.

அதோட விட்டுதா? அக்டோபர் ரெண்டு கூட்டத்துக்கு முந்நூறு பேர் வந்துட்டாங்க. நாற்காலி பத்தலை, டீ பத்தலை. இதுவரை வாயே திறக்காத செந்தாமரை மைக்கைப் பிடிச்சு, "எங்க மல்லாட்டைக்கே தண்ணி இல்ல, கம்பெனிக்குப் போரா? நாங்க எப்ப கை தூக்கனோம், சொல்லுங்க தலைவரே"ன்னுது. தீர்மானத்தை வரி வரியாப் படிக்கச் சொன்னாங்க. நானும் அன்னிக்குத்தான் முதல்ல கேட்டேன். அங்கேயே ரத்து பண்ணாங்க. வெட்கமா இருந்தது. ஆனா நாலு வருஷத்துல அன்னிக்குத்தான் நான் ஒரு ஊருக்குத் தலைவர்னு தோணுச்சு. கேட்க ஒரு பேப்பர் இருந்தா ஊரும் கேட்க வருதும்மா. நீ எழுதலைன்னா ஏரி போயிருக்கும். உன்னை நெனைச்சா பெருமையா இருக்கு.

இருந்தாலும் கிளார்க் விடலை. ஆகஸ்ட் கூட்டம் நெசம்னு ஆயிட்டா ரத்து செல்லாதாம், போர் போடலாமாம். இல்லைன்னா உன் பேப்பர் மேல கேஸ், என் பதவிக்கும் பேஜாரு. அதனால அந்த நூற்றுப் பன்னிரண்டு பேரும் திரும்பக் கையெழுத்துப் போட்டதா அவர் கொண்டாந்த மறுப்பை இத்தோட வெச்சிருக்கேன். ஜல்தியா போட்டுடு. இனிமே நம்ம ஊரைப் பத்தி எழுதாதே, மாமா கெஞ்சிக் கேட்கறேன்.

நீயும் உன் பேனாவும் நூறு வருஷம் நல்லா இருக்கணும்.

இப்படிக்கு,
அப்பாதுரை மாமா

பி.கு.: கவரை ஒட்டப் போனேன். உங்க அத்தை, "படிச்சிட்டு அனுப்புங்க, போன வாட்டி படிக்காமத்தான் மாட்னீங்க"ன்னா. படிச்சேன். மறுப்புலயும் நாலாவது கையெழுத்து உன் தாத்தாதான். தாண்டவராயன் பழைய நோட்டைப் பார்த்தே வரிசையா போட்டிருக்காரு. மேலே கெஞ்சினதை மறந்துடு, இதை முதல் பக்கத்துல போடு. கேஸ் வந்தா சாட்சிக்கு நான் வர்றேன், உயிரோட.