ஒட்டடை மாமாவும் நான் செய்த சுத்தமும்

ஒட்டடை என்ற ஒரே ஒரு சொல்லுக்காக ஒரு லயத்தையே பகைத்துக்கொண்ட மனிதர் இந்த மலைநாட்டில் ஒருவர்தான். ஹட்டனுக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களுக்கு வரிசையாக அறைகள் கட்டிய லயத்தில், கடைசி அறையான கடைசிக் காம்பராவில் தனியாக இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் தோட்டத்து ஆபீசுக்கு மட்டும் தெரியும். மற்ற எல்லாருக்கும் அவர் ஒட்டடை மாமா.

தேயிலை ஃபாக்டரியில் அவருடைய வேலையே நீளக் கம்பில் துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு கூரை ஒட்டடை அடிப்பதுதான். முப்பது வருஷம் அடித்து ஓய்வு பெற்றார். ஆனால் தன் காம்பராவில் ஒரு நூலைக்கூடத் தொட்டதில்லை. அடுப்புக்கு மேலே கறுகறுவென்று சடை சடையாகத் தொங்கும். கேட்டால், "சம்பளம் குடுத்தா அடிக்கிறேன்" என்பார்.

பக்கத்துக் காம்பரா பாக்கியம் அக்காதான் அவருடைய நிரந்தர எதிரி.

"மாமா, அந்த நூலாம்படையத் தட்டுங்களேன். செவருக்கு மேல பறந்து வந்து எங்க சோத்துல விழுது."

"எதப் புள்ள நூலாம்படைங்கிற? பூச்சி நேத்து கட்டி, வெள்ளையா நூலு நூலா படிஞ்சிருக்கே, அது நூலாம்படை. அதுல பொகை ஒட்டி, கரி ஒட்டி, வருசக்கணக்கா அடைஞ்சு போனாத்தான் ஒட்டடை. ஒட்டி அடைஞ்சது. வெளங்குதா?"

"எங்க தாத்தா ஊருல எல்லாமே நூலாம்படைதான்."

"ஒங்க தாத்தா ஊருல பொகை போக வழி இருந்திருக்கும். இங்க எங்க இருக்கு?"

அக்கா ஆறு மாதம் அவரோடு பேசவில்லை. அடுத்து மாட்டியது நான். கோயில் திருவிழா நோட்டீசில் 'சிலந்தி வலை அகற்றும் சிரமதானம்' என்று எழுதிவிட்டேன்.

"டேய், வலைன்னா பூச்சி குடியிருக்கிற வீடு. பூச்சி செத்தப்பொறவும் தொங்குது பாரு, அதுக்குப் பேரு ஒட்டடை. மாத்துடா!"

கையால் எழுதிய நாற்பது நோட்டீசையும் உட்கார்ந்து மாற்றினேன். அவர் பிரித்த பொருள் சரியா என்று பண்டிதர்கள்தான் சொல்ல வேண்டும். புகைபோக்கி இல்லாத வீட்டில் பிறந்த எனக்கு அதில் குறை தெரியவில்லை.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. குடியிருக்க லாயக்கில்லாத லயங்களைப் பார்த்து எழுதிக்கொண்டு போக அரசாங்க ஆபீசர் வருகிறார். பட்டியலில் ஏறினால் தனி வீடு. லயமே எழுந்து நின்றது. நின்று என்ன செய்தது? சுண்ணாம்பு அடித்தது.

சிரிக்காதீர்கள். தோட்டத்து மேலாளரான பெரிய துரை லயத்தைப் பார்க்க வருகிறார் என்றால் கூட்டிப் பெருக்கி வெள்ளையடிப்பது எங்களுக்குப் பரம்பரைப் பழக்கம். யார் வந்தாலும் கை தானாகத் துடைப்பத்தைத் தேடும். பாக்கியம் அக்கா சுவர் வெடிப்பின் மேல் புதுச் சேலையைத் திரையாகக் கட்டினார். ஓட்டைகளின் மேல் சாமிப் படக் கலண்டர்கள் ஏறின. லயத்திலேயே ஏ.எல். பரீட்சை பாஸ் பண்ணிய ஒரே ஆள் என்பதால் இந்த முட்டாள்தனத்துக்கு நான்தான் தலைமை.

மாமா வாசலில் நின்று கத்தினார். "நோயப் பாக்க டாக்டர் வாறாரு, நீங்க பவுடர் பூசுறீங்களேடா! என் காம்பராவுல எவனும் கை வைக்கப்படாது. இந்த ஒட்டடைதான் நமக்குச் சாட்சி."

ஆபீசர் வரும் நாளில் அவருக்கு ஹட்டனில் கிளினிக். இருமல் அப்போதே பலமாக இருந்தது. விடியற்காலையில் சாவியை என் கையில் கொடுத்தார்.

"நீதான் படிச்சவன். ஆபீசர் வந்தா தொறந்து காட்டு. அப்பிடியே காட்டு."

அவர் பஸ் ஏறியதும் திறந்தேன். அண்ணாந்து பார்த்ததும் எனக்கு மானம் போய்விட்டது. இதைப் போய் ஒரு ஆபீசருக்கா காட்டுவது? மூன்று பேராகச் சேர்ந்து ஒட்டடை முழுவதையும் அடித்து இறக்கினோம். கூரைத் தகரத்தின் ஓட்டைகள் தெரியாமல் புது உரச்சாக்குகளைத் தைத்து மேலே கட்டினோம். சுவருக்குச் சுண்ணாம்பு.

ஆபீசர் ஒவ்வொரு காம்பராவாகப் பார்த்து, கடைசியில் இங்கே வந்து, "லஸ்ஸனட்ட தியாகென இன்னவா" என்று சிங்களத்தில் சொன்னார். "அழகா வச்சிருக்கோமாம்!" என்று லயத்துக்கு மொழிபெயர்த்தேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

பின்னேரம் மாமா மருந்துப் பையோடு வந்து, அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார்.

"என்னா சொன்னாரு?"

"அழகா இருக்குன்னாரு, மாமா."

சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பட்டியலில் எங்கள் லயம் இல்லை. கீழ்ப் பிரிவு லயம் இருந்தது. ஆபீசர் வரும் செய்தி அவர்களுக்கு நேரத்துக்குக் கிடைக்கவில்லை. சுத்தம் செய்ய முடியவில்லை. இன்று அவர்கள் தனி வீட்டில் இருக்கிறார்கள். எங்கள் சாமிப் படங்கள் ஓட்டைகளின் மேல் அப்படியே இருக்கின்றன.

இரண்டு மழைக்காலம் அந்தச் சாக்குகளுக்குக் கீழே இருமியபடி இருந்துவிட்டு மாமா போய்ச் சேர்ந்தார். சாவு வீட்டில் அண்ணாந்து பார்த்தேன். நான் தைத்த சாக்குகளில் புகை ஏறி, புதிய ஒட்டடை கறுப்பாகத் தொங்கத் தொடங்கியிருந்தது.

ஒரு சொல்லுக்காக லயத்தையே திட்டியவர், அந்த இரண்டு வருஷமும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்க்கும்போதெல்லாம், "சாப்டியாடா?" என்று மட்டும் கேட்பார். திட்டியிருக்கலாம், மாமா.